முதலில் கண்ணா, திரையா?

(வானொலியில் ஒலிபரப்பான திருவருகைக் கால மறையுரை)



திருவருகைக் காலத்தில் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க நம் வீடுகளில் சில கேள்விகள் எழும். வீட்டுக்கு வெள்ளை அடிப்பதா வேண்டாமா, பிள்ளைகளுக்கு எந்தக் கடையில் துணி எடுப்பது, குடில் எங்கே வைப்பது என்று பேசிக்கொள்வோம். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "டிவியை மாத்திடலாமா?" இருக்கிற டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கடையில் '4கே' என்கிறார்கள். படம் இன்னும் துல்லியமாகத் தெரியும் என்கிறார்கள். பழையதைக் கொடுத்தால் கொஞ்சம் தள்ளுபடி, மீதியைத் தவணையில் கட்டலாம் என்கிறார்கள்.

அன்பியக் கூட்டத்திலும் இந்தப் பேச்சு வருகிறது. போன மாதம் நமது பங்குப்பேரவையிலும் வந்தது. பங்கு மன்றத்தில் இருக்கிற டிவியை மாற்றவேண்டும் என்று இளைஞர்கள் மனு கொடுத்திருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்து, "சாமி, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்கள்.

மறையுரையில் பேசுகிற விஷயமா இது என்று சிலர் நினைக்கலாம். ஒரு குடும்பத்தின் பணம், நேரம், ஆசை, உறவு எல்லாம் வந்து சேருகிற இடம் அந்த வீட்டின் டிவி. அதற்கு எதிரில்தான் மாலை நேரத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். நற்செய்தி அந்த இடத்துக்கும் வரவேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். டிவி வாங்குவது பாவம் அல்ல. திருச்சபை இந்தக் கருவியைக் கண்டு பயந்ததும் இல்லை. திருத்தந்தை 12ஆம் பயஸ் 1957இல் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் பற்றித் தனிச் சுற்றுமடல் எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றி ஆணை வெளியிட்டது. இவை கடவுள் தந்த அறிவால் மனிதன் கண்ட கொடைகள். நன்றியோடும் விழிப்போடும் பயன்படுத்துங்கள் என்பதே திருச்சபையின் போதனை.

நம் ஊரிலும் இந்தக் கொடை வந்த வழியை நாம் மறக்கவில்லை. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975இல் தொடங்கியது. 1982இல் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். தெருவில் ஒரு வீட்டில்தான் டிவி இருக்கும். ஞாயிறு மாலை அந்த வீட்டுத் திண்ணை வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்புவார். "இப்பத் தெரியுதா?" என்று மேலேயிருந்து ஒரு சத்தம். "இல்ல, இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று கீழேயிருந்து ஒரு சத்தம். பிறகு 2006இல் தமிழக அரசு 14 அங்குல வண்ண டிவிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. குடிசையிலும் டிவி வந்தது. கொரோனாக் காலத்தில் கோவில் கதவுகள் அடைபட்டபோது, அந்தத் திரைகள் வழியாகத்தான் நாம் திருப்பலி கண்டோம். 2020 மார்ச் 27 அன்று, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நின்று செபித்ததை நம்மில் பலர் கையளவு செல்போனில் பார்த்து அழுதோம். படம் எத்தனை துல்லியம் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

சரி, இப்போது இந்த 4கே என்பது என்ன? நம் இளைஞர்களிடம் உட்கார்ந்து கேட்டோம். அவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் முடிவெடுக்க உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறோம்.

டிவித் திரை என்பது சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகளால் ஆனது. இப்போது பல வீடுகளில் இருக்கிற 'ஃபுல் எச்.டி.' டிவியில் குறுக்கே 1,920 புள்ளி, மேலிருந்து கீழே 1,080 புள்ளி. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம். 4கே டிவியில் குறுக்கே 3,840, மேலிருந்து கீழே 2,160. மொத்தம் ஏறத்தாழ 83 லட்சம். அதாவது நான்கு மடங்கு. அதைவிடப் பெரிய 8கே டிவியும் வந்துவிட்டது. அதில் 3 கோடியே 31 லட்சம் புள்ளிகள்.

நான்கு மடங்கு புள்ளி இருந்தால் நான்கு மடங்கு தெளிவாகத் தெரியுமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். கடவுள் நம் கண்ணுக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார். குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இரண்டு புள்ளிகள் நம் கண்ணுக்கு ஒரே புள்ளியாகத்தான் தெரியும். நல்ல பார்வை உள்ளவருக்கு, 43 அங்குல ஃபுல் எச்.டி. டிவியில் அந்தத் தூரம் ஏறத்தாழ ஐந்தரை அடி. 55 அங்குல டிவியில் ஏறத்தாழ ஏழு அடி. அதற்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், கூடுதலாக வந்த 60 லட்சம் புள்ளிகளை நம் கண் பிரித்துப் பார்ப்பதில்லை. நிறமும் வெளிச்சமும் புது டிவியில் நன்றாக இருக்கலாம். அது வேறு. புள்ளிக்காகக் கொடுக்கிற பணத்துக்குப் பயன் இல்லை. கடையில் நாம் மூன்றடி தூரத்தில் நின்று பார்க்கிறோம். அங்கே ஓடுவதும் அதற்கென்றே எடுத்த பூவும் கடலும் பறவையும்தான். வெளிச்சத்தையும் முழுதாகக் கூட்டி வைத்திருப்பார்கள். நாமும் ஒரு நாள் அந்தத் திரைக்கு முன்னால் வாய் பிளந்து நின்றவர்தான். பங்கு இல்லத்தில் இருக்கிற 32 அங்குல டிவி அன்று மாலை நமக்கே அழுக்காகத் தெரிந்தது!

இன்னொன்றும் பார்க்க வேண்டும். திரை பெரிதாகலாம், அதற்குள் வருகிற படம் என்ன? நம் கேபிளில் வருகிற சாதாரண சேனல்களின் படத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் புள்ளிகள்தான் உண்டு. அதை 83 லட்சம் புள்ளியுள்ள திரையில் போட்டால், ஒரு புள்ளியை இருபது இடத்தில் பரப்பவேண்டியிருக்கும். ஒரு டம்ளர் பாலில் தண்ணீர் விட்டு இருபது டம்ளர் ஆக்குகிற மாதிரிதான். இணையம் வழியாக உண்மையான 4கே படம் பார்க்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 7 ஜிபி டேட்டா ஆகும். தினம் 2 ஜிபி பேக் போட்டிருப்பவருக்குக் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு மனிதரைக் காட்டுகிறார். கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கமாட்டாரா என்று கேட்கிறார். சீடத்துவத்தின் விலையைப் பற்றி அவர் அங்கே பேசுகிறார். ஆனாலும் அந்த 'உட்கார்ந்து' என்பதைக் கவனியுங்கள். கடைக்காரர் எதிரில் நின்றுகொண்டு எடுக்கிற முடிவு அல்ல அது. வீட்டில், எல்லாரையும் கூப்பிட்டு, உட்கார்ந்து எடுக்கிற முடிவு. வட்டியில்லாத் தவணை என்றாலும் அது கடன்தான். மாதாமாதம் குறிப்பிட்ட தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து போகும். அந்த மாதம் காய்ச்சல் வந்ததா, வேலை இருந்ததா என்று அது கேட்காது.

சகோதரர்களே, சகோதரிகளே, இதுவரை சொன்னது கணக்கு. இனி சொல்லப்போவது நமக்கு நேர்ந்த ஒன்று. வெட்கத்தோடுதான் சொல்கிறோம்.

நாம் மறைப்பணி செய்யும் பங்கில் ஒரு தாயார் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியவர். நாற்பது ஆண்டுகள் உப்பளத்தில் வேலை செய்தவர். வெள்ளை உப்பின் மேல் அடிக்கிற வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கழிந்த கண்கள் அவருடையவை. முழங்கால் வலியால் கோவிலுக்கு வர முடியாது. தினமும் காலையில் டிவியில் திருப்பலி காண்பார். மாத முதல் வெள்ளியன்று நாம் அவருக்கு நற்கருணை கொண்டுபோவோம். மகன் வளைகுடா நாட்டில் வெல்டிங் வேலை பார்க்கிறார். வீட்டில் மருமகளும், எட்டாம் வகுப்புப் படிக்கிற பேத்தியும்.

போன ஆண்டு செப்டம்பர் மாத முதல் வெள்ளியன்று அந்தத் தாயார் சொன்னார்: "சாமி, டிவி மங்கிட்டு. பூசை பாக்கேன், சாமியார் முகமே தெரிய மாட்டேங்கு. ஆள் இருக்கு, முகம் இல்ல." நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "பழைய டிவிம்மா அது. மகன்கிட்டச் சொல்லிப் புதுசா ஒண்ணு வாங்கச் சொல்லுங்க." அக்டோபரிலும் அதையே சொன்னார். நாமும் அதையே சொன்னோம். நவம்பரில் நற்கருணையை நீட்டியபோது, ஏந்தவேண்டிய அவர் கைகள் சற்றுத் தள்ளி நீண்டன. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கையைப் பிடித்து அதில் நற்கருணையை வைத்துவிட்டு வந்தோம். பார்த்தோம். ஆனால் காணவில்லை.

மகன் நல்ல பிள்ளை. அம்மாவுக்குத் திருப்பலி தெளிவாகத் தெரியவேண்டும் என்று 55 அங்குல 4கே டிவி ஒன்றை 18 மாதத் தவணையில் எடுத்து அனுப்பினார். சுவரில் மாட்டினார்கள். நம்மை மந்திரிக்கக் கூப்பிட்டார்கள். நாமும் போய்த் தீர்த்தம் தெளித்துச் செபம் சொல்லிவிட்டு வந்தோம். அன்பியத்தினர் எல்லாரும் வந்து பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்கள். மகன் போனில் கேட்டார்: "அம்மா, இப்பத் தெரியுதா?" தாயார் சொன்னார்: "நல்லாத் தெரியுதுய்யா, ராசா."

அது பொய். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மகன் கடன்பட்டு வாங்கியதைக் குறை சொல்லக் கூடாது என்று அந்தப் பொய்யைச் சொன்னார். எத்தனை தாய்மார் நம் வீடுகளில் இப்படிச் சொல்கிறார்கள்!

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. நமக்குத் தெரியும், அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஊதாவுக்குப் பதில் ரோஜா நிறத் திருவுடை அணிவது வழக்கம். அன்று காலை டிவியில் திருப்பலி ஓடுகிறது. பேத்தி மறைக்கல்வி வகுப்பில் படித்ததை நினைத்துக்கொண்டு, "ஆச்சி, இன்னைக்கு சாமியார் என்ன கலர் போட்டிருக்காரு, சொல்லு" என்று கேட்டாள். ஆச்சி, "எப்பவும் போல வெள்ளைதாம்ளா" என்றார். பிள்ளை எழுந்து திரையைப் பார்த்தாள். ஆச்சியைப் பார்த்தாள். பிறகு ஆச்சியின் முகத்துக்கு நேரே நின்று இரண்டு விரலைக் காட்டி, "இது எத்தனை?" என்று கேட்டாள். ஆச்சிக்குச் சொல்லத் தெரியவில்லை.

மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு கண்ணிலும் கண்புரை முற்றியிருந்தது. அது மட்டும் என்றால் கவலை இல்லை. புரையை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை வரும். ஆனால் இடது கண்ணில் கண் அழுத்த நோயும் இருந்தது. அது நரம்பைத் தின்றுவிட்டது. மருத்துவர் சொன்னார்: "இதில் போன பார்வை திரும்பாது. முன்னமே வந்திருந்தால் இருந்ததைக் காப்பாற்றியிருக்கலாம்." அந்த 'முன்னமே' என்ற சொல்லுக்குள் நமது மூன்று முதல் வெள்ளிகள் இருக்கின்றன. திரையை மாற்றச் சொன்ன மூன்று முதல் வெள்ளிகள்.

ஜனவரியில் வலது கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தபோது மருமகள் எதிரில் நின்றாராம். தாயார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு கேட்டாராம்: "ஏன் பிள்ள இப்படி மெலிஞ்சு போயிட்ட? கழுத்துல கிடந்த செயின் எங்க?"

அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. மகனுக்கு அங்கே இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். தவணை நிற்கக் கூடாதே என்று அந்தப் பெண் சங்கிலியை அடகு வைத்திருந்தார். வீட்டுச் செலவைச் சுருக்குவதற்காக ஒரு வேளை சாப்பாட்டையும் தனக்கு நிறுத்தியிருந்தார். ஒரே வீட்டில், ஒரே திரைக்கு முன்னால் தினமும் உட்கார்ந்திருந்த மூன்று பேர். ஒருவருக்குக் கண் தெரியவில்லை. ஒருவர் பட்டினி கிடந்தார். அது ஒருவருக்கொருவர் தெரியவில்லை. அந்த வீட்டுக்குள் போய்த் தீர்த்தம் தெளித்த நமக்கும் தெரியவில்லை.

மாற்கு நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில் ஒரு புதுமை வருகிறது. மற்ற மூன்று நற்செய்திகளிலும் அது இல்லை. பெத்சாய்தா ஊரில் பார்வையற்ற ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு அவர் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போகிறார். அவர் கண்களில் உமிழ்ந்து, கைகளை அவர் மேல் வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அந்த மனிதர், ஆட்கள் தெரிகிறார்கள், ஆனால் நடமாடுகிற மரங்களைப் போல இருக்கிறார்கள் என்கிறார். இயேசு மறுபடியும் அவர் கண்களின் மேல் கைகளை வைக்கிறார். அதன் பிறகுதான் அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

ஒரே சொல்லால் புயலை அடக்கிய ஆண்டவர் இங்கே ஏன் இரண்டு முறை தொடுகிறார்? வல்லமை குறைந்ததாலா? இல்லை. இந்தப் புதுமைக்கு முன்னும் பின்னும் வாசித்தால் புரியும். இதற்கு முன்னால், கண் இருந்தும் காணவில்லையா என்று சீடர்களைப் பார்த்து இயேசு வருந்துகிறார். இதற்குப் பிறகு, பிலிப்புச் செசரியாவில் பேதுரு அவரை மெசியா என்று அறிக்கையிடுகிறார். ஆனால் சிலுவை என்றதும் வேண்டாம் என்று தடுக்கிறார். பேதுருவுக்கும் அரைப் பார்வைதான். ஆள் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அவருக்கும் இரண்டாவது தொடுதல் தேவைப்பட்டது. நமக்கும் தேவைப்படுகிறது.

இரண்டு விஷயங்களை இங்கே நாம் மனதில் கொள்வோம். முதலாவது, இயேசு கேட்கிறார். "தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிறார். அன்று மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்பியவர் கேட்ட அதே கேள்விதான். அவர் படத்தைப் பற்றிக் கேட்டார். இயேசு அந்த மனிதரைப் பற்றிக் கேட்கிறார். நம் வீட்டில் பெரியவர்களைப் பார்த்து, "டிவி தெரியுதா?" என்று கேட்கிறோம். "உங்களுக்குக் கண் தெரியுதா?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

இரண்டாவது, அந்த மனிதர் உண்மையைச் சொல்கிறார். ஊர் மரியாதைக்காக, "நன்றாகத் தெரிகிறது ஆண்டவரே, நன்றி" என்று சொல்லியிருந்தால், அரைப் பார்வையோடு வீட்டுக்குப் போயிருப்பார். மனிதர்கள் மரங்களாகவே கடைசிவரை நடமாடியிருப்பார்கள். சரியாகத் தெரியவில்லை என்று அவர் சொன்னதால்தான் இரண்டாவது தொடுதல் கிடைத்தது. அன்பான தாய்மாரே, தந்தையரே, பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று உங்கள் வலியை மறைக்காதீர்கள். மருமகள்களே, மகன்களே, கடனை மறைக்காதீர்கள். உண்மை பேசுகிற வீட்டில்தான் ஆண்டவரின் கை இரண்டாம் முறை வந்து தொடும்.

தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலர் இருப்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அசிசி நகரப் புனித கிளாரா. 1252ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் அவர் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். மற்ற சகோதரிகள் எல்லாரும் செபிக்கப் போய்விட்டார்கள். தனிமையில் கிடந்த அவர், தொலைவில் இருந்த புனித பிரான்சிஸ் ஆலயத்தில் நடந்த வழிபாட்டைத் தம் அறையில் இருந்தபடியே கண்டார், கேட்டார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அதனால்தான் 12ஆம் பயஸ் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். அந்த அறையில் திரை இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. ஏங்குகிற ஓர் உள்ளமும், அந்த ஏக்கத்தைக் கண்ட கடவுளும் மட்டுமே இருந்தார்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தொலைக்காட்சியின் புனிதை யார்? எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளமாட்டேன் என்று ஏழ்மையை உரிமையாகக் கேட்டு வாங்கிய ஒரு பெண். திருச்சபை நகைச்சுவையாக இதைச் செய்யவில்லை. பார்ப்பதற்கும் வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு நினைவூட்டவே செய்தது என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, பங்கு மன்றத்து டிவி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பேரவையில் ஒருவர் அளவு நாடாவைக் கொண்டுவந்தார். அளந்து பார்த்தோம். டிவி 43 அங்குலம். பிள்ளைகள் உட்காருகிற முதல் வரிசையே எட்டு அடிக்கு அப்பால். ஓடுவதும் சாதாரண கேபிள். 4கே வாங்கினாலும் அந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்றும் தெரியப்போவதில்லை. சத்தம்தான் சரியாகக் கேட்கவில்லை. ஆகவே ஸ்பீக்கரைப் பழுது பார்ப்பது, டிவியை மாற்றுவதில்லை என்று தீர்மானித்தோம். மனு கொடுத்த இளைஞர்களே அதற்குச் சம்மதித்தார்கள். அதே கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, "சாமி, அப்ப கண் முகாம் ஒண்ணு வைப்போமா?" என்றார். வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மன்றத்தில் கண் பரிசோதனை நடக்கும். சாதி, மதம் பாராமல் ஊரில் உள்ள எல்லாரும் வரலாம்.

இந்தத் தமிழ் மண்ணில் கண்ணுக்குச் சிகிச்சை பெறப் பணம் ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்ட முடியாதவருக்கும் அங்கே அறுவைச் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் கண்புரை அறுவைச் சிகிச்சை இலவசமாகவே நடக்கிறது. இருக்கிற கொடையை நாடிப் போகவேண்டும். அதற்கு யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். பெத்சாய்தாவிலும் அந்த மனிதரைச் சிலர் கூட்டிக்கொண்டுதானே வந்தார்கள்!

இனி, உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தால் என்ன செய்வது? டிவி பழுதாகிவிட்டது, கையில் பணம் இருக்கிறது, குடும்பமாகச் சேர்ந்து முடிவெடுத்தீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள், மகிழ்ச்சியோடு பாருங்கள். ஆனால் அதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

ஒன்று, நாற்காலிக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். எதைப் பார்க்கிறீர்கள், அது எந்தத் தரத்தில் வருகிறது என்று கேளுங்கள். ஓடுகிற டிவியைத் தூக்கிப் போடாதீர்கள். 'இறைவா உமக்கே புகழ்' என்ற தமது 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், எறிந்துவிடுகிற பண்பாட்டைப் பற்றி நம்மை எச்சரித்தார். பழைய குழாய் டிவிகளின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அதை உடைத்து ஆற்றோரம் கொட்டினால் நம் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரில்தான் அது வந்து சேரும்.

இரண்டு, கடன் வாங்கித்தான் வாங்கவேண்டும் என்றால், அந்தக் கடனைக் கட்டுவதற்காக வீட்டில் யார் எதை விடவேண்டியிருக்கும் என்று வெளிப்படையாகப் பேசுங்கள். வழக்கமாக அது அம்மாவின் சாப்பாடாகவோ, அப்பாவின் மருந்தாகவோதான் இருக்கும்.

மூன்று, இன்று இரவு டிவியை ஒரு பத்து நிமிடம் அணைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். மெலிந்திருக்கிறாரா, அழுதிருக்கிறாரா, எதையாவது மறைக்கிறாரா என்று பாருங்கள். பிறகு செபமாலையைக் கையில் எடுங்கள்.

அந்தத் தாயாரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தார். "இருக்கிற ஒரு கண்ணு போதும் சாமி. இப்ப முகம் தெரியுது" என்றார். இடது கண்ணில் பார்வை இல்லை. மருந்துச் சொட்டு போட்டு வலது கண்ணைக் காப்பாற்றி வருகிறோம். சங்கிலியை மீட்க வின்சென்ட் தே பவுல் சபையினர் உதவினார்கள். மகனுக்குச் சம்பளம் வந்துவிட்டது. அந்தப் பெரிய டிவி இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. தவணை இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு முதல் வெள்ளியும் நற்கருணையை உயர்த்தும்போது, அவர் கைகள் நேராக வந்து நிற்கின்றன. நமக்கு அது போதும்.

சகோதரர்களே, சகோதரிகளே, இந்த மறையுரையை நீங்கள் எந்தத் திரையிலும் பார்க்கவில்லை. காதால்தான் கேட்டீர்கள். நம்பிக்கை கேட்பதால் வருகிறது என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதுகிறார். கேட்டவர்கள் காணவும் வரம் வேண்டிச் செபிப்போம்.

எங்கள் கண்களைத் திறக்கிற ஆண்டவரே, எங்கள் கையைப் பிடித்துச் சந்தடிக்கு வெளியே கூட்டிச் செல்லும். நாங்கள் அரைகுறையாகப் பார்க்கிறோம் என்று உம்மிடம் ஒப்புக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் உள்ளவர்களை மரங்களைப் போல அல்ல, மனிதர்களாக, உமது சாயலாகக் காண எங்களை மறுபடியும் தொட்டருளும். தேவையானதை வாங்கத் தெளிவும், தேவையில்லாததை விடத் துணிவும் தாரும். பார்வை குறைந்த எங்கள் பெற்றோரையும், தொலைவில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளையும் காத்தருளும். குழந்தையாய்ப் பிறக்க வருகிற உம்மை, இந்தக் கிறிஸ்துமஸ் நாளில் ஒருவர் மற்றவர் முகத்தில் கண்டுகொள்ள வரம் தாரும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும் உங்கள் இல்லத்தாரையும் ஆசீர்வதிப்பாராக!